பத்து மைல் ஓடப் புறப்பட்ட பொம்மை ரயில்

நவராத்திரி நாட்களில் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராய நகர்த் தெருக்களிலும் கொலுப் பார்க்கச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். படிகளின்மீது தெய்வங்களும், தசாவதாரமும், கடை விரித்த செட்டியாரும் வரிசையாக வீற்றிருக்க, படிகளுக்குக் கீழே தரையில் அவ்வீட்டுச் சிறுவர்கள் தங்கள் கைத்திறனைக் காட்டியிருப்பார்கள். கேழ்வரகு முளைத்த பசும் பூங்கா ஒன்று இருக்கும். கண்ணாடித் துண்டே குளமாக விளங்கும். அட்டையால் சமைத்த குகைக்குள் நுழைந்தும் வெளிவந்தும் பொம்மை ரயில் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். மாலை முழுதும் அது ஓடும். ஆயினும் ஓர் ஊரையும் சென்று அடையாது. அதன் பாதை வட்டமானது. பொம்மை ரயிலுக்கு வட்டப் பாதையை வகுத்தவர்கள், வீட்டின் கூடம் சிறியது என்பதற்காக மட்டும் அவ்வாறு வகுக்கவில்லை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றைத் தெளிவாக அறிய வேண்டுமானால், அந்த ரயிலை வட்டத்திலிருந்து விடுவித்து ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு ஓட்டிப் பார்த்தவர்களும் உளர். 2009-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தில், பார்ன்ஸ்டபிள் என்னும் ஊரிலிருந்து பிடிஃபோர்டு என்னும் ஊர்வரை, ஏறத்தாழ 10 மைல் தொலைவுக்குப் பொம்மைத் தண்டவாளம் இட்டு, அதன்மீது பொம்மை ரயிலைச் செலுத்த முயன்றார்கள். பத்து மைல் என்பது 16 கிலோமீட்டர். மாம்பலம் நிலையத்தில் புறப்படும் மின்சார ரயில் குரோம்பேட்டையைக் கடந்து தாம்பரத்தை நெருங்கும் தொலைவு என்று கொள்ளலாம். இந்த முயற்சியைத் தலைமை தாங்கி நடத்தியவர் ஜேம்ஸ் மே என்னும் தொலைக்காட்சியாளர், ஒளிபரப்பியது பி.பி.சி. நிறுவனத்தின் இரண்டாம் அலைவரிசை. பழைய விளையாட்டுப் பொருள்களை உண்மையான அளவில் பயன்படுத்திப் பார்ப்பதே அந்நிகழ்ச்சித் தொடரின் நோக்கம். அதே தொடரில் லெகோ கட்டைகளைக் கொண்டு ஆள் வசிக்கக்கூடிய அளவில் ஒரு வீட்டையும், மெக்கானோ என்னும் துளையிட்ட உலோகப் பட்டைகளைக் கொண்டு லிவர்பூல் நகரில் ஒரு கால்வாய்க்கு மேலே மனிதர் நடந்து செல்லத்தக்க பாலத்தையும் அமைத்தார்கள். அந்த மெக்கானோவைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஹார்ன்பி என்பவரே பின்னர் 1920-ஆம் ஆண்டில் சாவி கொடுத்து ஓடும் பொம்மை ரயில்களையும் விற்கத் தொடங்கினார். அவருடைய பெயர் தாங்கிய ரயில்களே டெவனில் ஓடவிருந்தவை.

பாதை அமைந்த இடத்தைப் பற்றி ஒரு சொல். அங்கு உண்மையான ரயில் ஒரு காலத்தில் ஓடியது. பிடிஃபோர்டுக்கு இருப்புப்பாதை வந்தது 1855-இல். நம் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கித் தென்னிந்தியாவின் முதற் பயணிகள் ரயில் புறப்பட்டது அதற்கு மறு ஆண்டில். டெவனில் பயணிகள் போக்குவரத்து 1965-இல் நின்றது. சரக்கு வண்டிகளும் 1982-இல் நின்றன. தண்டவாளங்களைப் பெயர்த்த பிறகு எஞ்சிய தடத்தை நடப்பவர்களுக்கும் மிதிவண்டியில் செல்பவர்களுக்கும் உரிய வழியாக ஆக்கினார்கள். நம் நகரத்திலோ நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 1836-இல் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே சோதனைக்காக ஒரு குறுகிய இருப்புப்பாதையை இட்டுப் பார்த்தார்கள். அதன் பயனாக 1837-இல் செங்குன்றத்திலிருந்து சாலைக்கு வேண்டிய கல்லைக் கொண்டுவரும் பாதை எழுந்தது. ஆர்தர் காட்டன் அமைத்த பாதை அது. இங்கே சிறியதைச் செய்து பார்த்துப் பெரியதைச் செய்தார்கள். டெவனிலோ பெரியது மறைந்துபோன தடத்தில் சிறியது ஓட வந்தது. தங்கள் ஊர் ரயிலை இழந்த மக்கள், பொம்மை ரயிலேனும் ஒரு நாள் அவ்வழியே ஓடுவதைக் காண விரும்பினார்கள் என்றால் அதில் வியப்பில்லை. நூற்றுக்கணக்கான தொண்டர்கள் முன்வந்து தரையில் மண்டியிட்டுத் தண்டவாளத் துண்டுகளைக் கோத்தார்கள்.

இனி, அந்த வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அந்த வகைப் பொம்மை ரயில்களில் உண்மை ரயிலின் ஓரடி நீளம் 4 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அதாவது 76-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 16½ மில்லிமீட்டர். பதினாறு கிலோமீட்டரை 76-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,220 கிலோமீட்டர் வருகிறது. சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதையின் நீளத்துக்கு இது சற்றே குறைவு. எனவே அந்தச் சிறு எஞ்சின் தன் கணக்கில் மும்பைவரை ஓட வேண்டும். இடையில் எஞ்சின் மாற்றுவதற்கோ பழுது பார்ப்பதற்கோ குண்டக்கல் போன்ற சந்திப்பு நிலையம் ஒன்றும் கிடையாது.

பத்து மைல் என்பது 17,600 கஜம். ஒரு கஜ நீளத் துண்டுகளாகத் தண்டவாளம் கிடைக்கிறது என்று கொண்டால் 17,600 துண்டுகளைக் கோக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் இடப்புறக் கம்பிக்கு ஒன்றும் வலப்புறக் கம்பிக்கு ஒன்றுமாக இரண்டு சிறு தகட்டுக் கொக்கிகள் வேண்டும். ஆக 35,000-க்கு மேற்பட்ட கொக்கிகள்! அவற்றுள் ஒன்று நழுவினாலும் வண்டி நின்றுவிடும். பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கியவனைப் போற்றுகிறோம். இங்கோ தொண்ணூற்றொன்பது விழுக்காடு சரியாக இருந்தால் 350 இடங்களில் பாதை அறுந்து கிடக்கிறது என்று பொருள்.

ஆயினும் இவையெல்லாம் பொறுமையினால் வெல்லக்கூடிய தடைகள். பொறுமைக்கு வசப்படாத தடை மின்சாரத்தில் இருக்கிறது.

பொம்மை ரயிலுக்கு வேண்டிய மின்சாரம் அதன் தண்டவாளங்கள் வழியாகவே செல்கிறது. ஒரு கம்பி வழியாகச் சென்று, சக்கரத்தின் வழியே எஞ்சினுள் உள்ள மோட்டாரை அடைந்து, மற்றொரு கம்பி வழியாகத் திரும்புகிறது. அதன் அழுத்தம் 12 வோல்ட். குழந்தைகள் தண்டவாளத்தைத் தொடுவார்கள் என்பதனால் அதனை மிக உயர்த்தலாகாது. தண்டவாளத்தை எதனாற் செய்கிறார்கள்? செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகத்தால். நம் வீடுகளில் ஜெர்மன் வெள்ளி என்று சொல்கிறோமே, அதுதான் இது. பெயரில் வெள்ளி உண்டேயன்றிப் பொருளில் வெள்ளி ஒரு குன்றிமணியும் இல்லை. எளிதில் துருவேறாது என்பது இதன் நற்குணம். ஆனால் மின்னோட்டத்தைத் தடுப்பதில் இது செம்பைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் வல்லது.

தெருக்குழாய் நீரை எண்ணிப் பாருங்கள். தொட்டிக்கு அருகில் உள்ள வீட்டில் நீர் பீறிட்டு வரும். தெருக்கோடி வீட்டிலோ நூல்போல் ஒழுகும். குழாயின் உராய்வே வழியில் அழுத்தத்தைத் தின்றுவிடுகிறது. கம்பியில் மின்னழுத்தமும் அவ்வாறே குறைகிறது. கணக்கின் பொருட்டு, தண்டவாளக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பை 2½ சதுர மில்லிமீட்டர் என்றும், எஞ்சினுக்கு வேண்டிய மின்னோட்டத்தை அரை ஆம்பியர் என்றும் கொள்வோம். ஒரு மீட்டர் தூரத்துக்குப் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ கால் ஓம் தடையைக் காட்டும். எனவே ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு வோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு மறைகிறது. ஐம்பது மீட்டர் தாண்டுவதற்குள் பன்னிரண்டு வோல்ட் ஆறாகிறது. நூறு மீட்டரில் எஞ்சுவது ஒன்றுமில்லை. கொக்கிகளில் படியும் அழுக்கின் தடையை இன்னும் நாம் சேர்க்கவே இல்லை. ஆகவே, மயிலாப்பூர்க் குளத்தின் ஒரு கரையில் மின்சாரத்தைச் செலுத்தினால் எதிர்க்கரையில் நிற்கும் எஞ்சினுக்கு அது எட்டாது. இத்தகைய பாதைக்கு ஐம்பது மீட்டருக்கு ஓரிடம் என்று மின்சாரம் ஊட்டினாலும், பத்து மைலுக்கு 320 இடங்கள் வேண்டும். கொலுவில் ஓடும் ரயிலின் பாதை ஏன் வட்டமாக, அதுவும் சிறு வட்டமாக இருக்கிறது என்பதற்கு இதுவே முதற் காரணம்.

உண்மை ரயிலுக்கும் இதே தொல்லை உண்டு. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அதற்கு ஊட்டிய அழுத்தம் 1,500 வோல்ட். 1960-களில் அதனை 25,000 வோல்ட்டாக உயர்த்தினார்கள். காரணம் எளிது. அழுத்தத்தை உயர்த்தினால் அதே வேலையைக் குறைந்த மின்னோட்டத்தால் செய்துகொள்ளலாம். கம்பியில் வீணாகும் ஆற்றலோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. கம்பியின் தடை மாறாதிருப்பின், 1,500-லிருந்து 25,000-க்கு உயரும்போது மின்னோட்டம் ஏறத்தாழ 17-இல் ஒரு பங்காகிறது. வீணாவதோ 280-இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. பெரிய ரயிலை இயக்கும் பொறியியலாருக்கு இந்த வழி திறந்திருக்கிறது. பொம்மை ரயில் ஓட்டுபவருக்கோ அது அடைபட்டிருக்கிறது. அழுத்தத்தை அவ்வாறு மிக உயர்த்தினால் பொம்மை என்ற பெயரே அதற்குப் பொருந்தாது.

மோட்டாரின் நிலையையும் பார்ப்போம். எஞ்சினின் இயக்கு சக்கரம் 24 மில்லிமீட்டர் விட்டமுடையது என்றால், பத்து மைல் செல்வதற்குள் அது இரண்டு லட்சத்துப் பதின்மூவாயிரம் தடவை சுழல வேண்டும். சக்கரம் ஒருமுறை சுழல மோட்டார் முப்பதுமுறை சுழல்கிறது என்று கொண்டால், மோட்டாரின் கணக்கு அறுபது லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் சென்றால் ஏறத்தாழ பதினொரு மணி நேரம் இடைவிடாது ஓட வேண்டும். அரை மணி விளையாட்டுக்குப் பிறகு பெட்டிக்குள் போய்விடும் மோட்டாரிடம் இதனைக் கேட்பது, தெருவில் பாண்டி ஆடும் சிறுமியைத் திருப்பதிக்கு நடந்து போகச் சொல்வது போன்றதாகும்.

வெயிலையும் மறக்கலாகாது. பத்து பாகை வெப்பம் ஏறினால் அந்த உலோகப் பாதை முழுவதும் சேர்ந்து இரண்டரை மீட்டர் நீளும். அத்தனை இணைப்புகளிலும் மயிரிழை போன்ற இடைவெளி விட்டிருந்தால் அந்த நீட்சி அவற்றில் மறைந்துவிடும். நெருக்கிக் கோத்திருந்தால் பாதை பாம்புபோல் நெளியும். மூன்று மில்லிமீட்டர் மணற்பரல் அந்த எஞ்சினுக்கு முக்காலடிப் பாறை. உதிர்ந்த இலை ஒன்று பாதையை மறைத்தால் அது மண்சரிவுக்கு நிகர். இத்தகைய பாதையைக் கூரையும் சுவரும் இல்லாத வெளியிலே, ஊரார் நடக்கும் வழியிலே இட்டிருந்தார்கள்.

ஊரார் என்றேன். 2009-இல் அந்த முயற்சி தோற்றதற்கு இயற்கை மட்டும் காரணமன்று. இட்ட பாதையின் சில துண்டுகளை எவரோ களவாடிச் சென்றனர். சில இடங்களில் தண்டவாளத்தின்மீது நாணயங்களை வைத்துவிட்டார்கள். நாணயம் வைப்பது சிறு குறும்பாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள அகலம் 16½ மில்லிமீட்டரே. நம் ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். இங்கிலாந்தின் மிகச் சிறிய நாணயமும் அந்த அகலத்தைத் தாண்டியதே. குறுக்கே கிடக்கும் நாணயம் இரு கம்பிகளையும் இணைத்துவிடுகிறது. நாணயத்தின் தடை இல்லை என்னும்படி அவ்வளவு குறைவாதலின், மின்னோட்டம் எஞ்சினை நாடாமல் அந்தக் குறுக்கு வழியே பாய்ந்து திரும்பிவிடுகிறது. அந்தப் பகுதி முழுவதும் அழுத்தம் விழுந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கானவர்கள் முழங்கால் தேயச் செய்த வேலை ஒரு பென்னி நாணயத்தின் முன் நிற்கவில்லை. அன்று ஒன்றன்பின் ஒன்றாக விட்ட ரயில்களில் ஒன்றும் பிடிஃபோர்டைச் சென்று அடையவில்லை.

தொலைக்காட்சி நிறுவனம் இந்தத் தோல்வியை மறைக்காமல் ஒளிபரப்பியது என்பதை நான் மெச்சுகிறேன். சென்னையில் 1975-இல் தொலைக்காட்சி வந்த நாள்முதல் நம் மக்கள் திரையில் வெற்றி விழாக்களை எத்தனையோ கண்டிருக்கிறார்கள். தோற்ற சோதனையை முழுவதும் காட்டிய நிகழ்ச்சிகள் மிகச் சில. ஆய்வுக்கூடத்தில் மாணவன் எழுதும் குறிப்பேட்டில் தவறிய அளவைகளுக்கும் இடம் உண்டு. அவற்றை அழித்துவிட்டு எழுதினால் அடுத்தமுறை எதைத் திருத்துவது என்று எவருக்கும் தெரியாது.

அடுத்த முறை 2011-இல் வந்தது. அதே தடம், அதே தொலைவு. இம்முறை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து, மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்னும் பெயர்பெற்ற மாதிரி ரயில் காட்சிக்கூடத்தைச் சேர்ந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்து அணியின் ரயில்கள் ஒரு முனையிலிருந்தும் ஜெர்மன் அணியின் ரயில்கள் மறுமுனையிலிருந்தும் புறப்பட்டன. சோதனை பந்தயமாக மாறியது. போட்டி வந்ததால் காட்சிக்குச் சுவை கூடியது உண்மை; பொறியியல் நோக்கில் பார்த்தால் அது தேவையில்லாத அலங்காரம் என்பது என் கருத்து. எவ்வாறாயினும், முன்பு இடையில் நின்ற பயணம் இம்முறை முடிவு வரை சென்றது. பொம்மை ரயில் பத்து மைல் ஓடும் என்பது நிறுவப்பட்டது.

மின்சாரத்தை நம்பினால் வழிநெடுகக் காவல் வேண்டும் என்பதைக் கண்டபின், மின்சாரமே வேண்டாம் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்னும் ஊரிலிருந்து இன்வர்னஸ் நகர் வரை 71 மைல் தொலைவுக்கு ஒரு பொம்மை ரயிலை ஓட்டினார்கள். 2018-இல் இங்கிலாந்தின் நான்காம் அலைவரிசை அதனைத் தொடர் நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. எழுபத்தொரு மைல் என்பது 114 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து புறப்பட்டால் திண்டிவனத்தை நெருங்கிவிடலாம். வண்டியை இழுத்தது உண்மையான நீராவியால் ஓடும் சிற்றெஞ்சின். பெயர் 'வெள்ளிச் சீமாட்டி' என்று பொருள்படும். எஞ்சின் தன் ஆற்றலைத் தன்னுள்ளேயே சுமந்து சென்றதால், அங்கே தண்டவாளத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் பொறுப்பில்லை. வண்டியைத் தாங்கினால் போதும். ஆகவே அதனைப் பிளாஸ்டிக்கால் செய்தார்கள். நாணயம் வைப்பவனுக்கு அங்கே வேலையில்லை.

ஆனால் ஒரு தொல்லை நீங்கினால் மற்றொன்று வந்து நிற்கும். சிறிய கொதிகலன் பெரிய கொதிகலனின் குறைந்த வடிவம் மட்டும் அன்று. நீள அகல உயரங்களைப் பாதியாக்கினால், வெளிப்பரப்பு நான்கில் ஒன்றாகிறது. கொள்ளளவோ எட்டில் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே சிறிய பாத்திரத்தில் உள்ள நீருக்கு, அதன் அளவை நோக்க, குளிர்வதற்கான பரப்பு மிகுதி. கல்யாண வீட்டு அண்டாவில் உள்ள காப்பி நெடுநேரம் சூடாக இருக்கிறது; அதையே தம்ளரில் வார்த்தால் சீக்கிரம் ஆறுகிறது; டபராவில் பரப்பினால் இன்னும் சீக்கிரம். சிற்றெஞ்சினின் கொதிகலன் டபராவின் இனத்தைச் சேர்ந்தது. உண்டாக்கிய வெப்பத்தில் பெரும்பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டுதான் அது வண்டியை இழுக்க வேண்டும். அதனால் அடிக்கடி நின்று நீரும் எரிபொருளும் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. எடையிலும் இதே விதிதான். நூறு டன் எஞ்சினை 76-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், எடை 76-இல் ஒரு பங்காக நிற்பதில்லை. நான்கு லட்சத்து நாற்பதாயிரத்தில் ஒரு பங்காகிக் கால் கிலோகிராமுக்கும் கீழே இறங்குகிறது. ஏற்றத்தில் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ள உதவுவது எடையே அல்லவா? உண்மை ரயில் தயங்காமல் செல்லும் காட்டுப் பாதையின் சிறு மேடு அதற்கு மலையேற்றமாகிறது.

அந்த வழியில் மேடுகளுக்குக் குறைவில்லை. இரண்டு ஊர்களையும் இணைக்கும் கலிடோனியக் கால்வாயைத் தாமஸ் டெல்ஃபோர்டு என்னும் பொறியியலார் கட்டினார். அது 1822-இல் திறக்கப்பட்டது. ஃபோர்ட் வில்லியத்தை அடுத்துள்ள பனாவி என்னுமிடத்தில் கப்பல்களை ஏற்றி இறக்க எட்டு மதகுகளை அடுக்கடுக்காக அமைத்தார். அவை சேர்ந்து கப்பலை ஏறத்தாழ இருபது மீட்டர் உயர்த்துகின்றன. அந்தப் பள்ளத்தாக்கு நெடுகத் தொண்டர்கள் கட்டைகளாலும் கழிகளாலும் சிறு பாலங்களைக் கட்டினார்கள். சேற்றிலும் மழையிலும் பாதையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எஞ்சினுக்குப் பின்னே எண்ணெய்க் குவளையும் நீர்க்குப்பியும் ஏந்தி ஓட்டுநர்கள் நடந்தே சென்றார்கள். வழிநெடுக அத்தனை இடர்களையும் கடந்து அச்சிற்றெஞ்சின் இன்வர்னஸ் நகருக்குள் ஊதிக்கொண்டு நுழைந்தது.